யாரோட ஆளு இந்த ஜட்ஜ்?

காலேஜுக்குப் புதுசா ஒரு பிரின்சிபால் வர்றார்னு வைங்க. ஜாயின் பண்ணின அன்னிக்கே, கேன்டீன்ல முதல் டீ ஆறுறதுக்குள்ள ஒரு கேள்வி வந்து விழும். "யாரோட ஆளு மச்சி?" அவர் என்ன படிச்சார், எந்த சப்ஜெக்ட்ல கில்லி என்பதெல்லாம் அப்புறம். முதல்ல யாரோட ஆளு?

கேள்வியைக் கேவலமா நினைக்க வேண்டாம். நாற்காலி எப்படிக் கிடைச்சுதுன்னு பார்த்தா, உட்காருறவர் எப்படி நடந்துப்பார்னு ஓரளவு தெரியும். நம்ம ஜனங்க பட்டுத் தெரிஞ்சுகிட்ட ஞானம் இது. ஆனா, இந்த ஞானம் பல்டி அடிச்ச ஒரு இடம் இருக்கு. ஜோகன்னஸ்பர்க். தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம்.

"அரசியல் சாசன நீதிமன்றம்னா நம்ம சுப்ரீம் கோர்ட் மாதிரிதானே?" என்று கேட்கிற லா காலேஜ் நண்பர்களுக்கு: கிட்டத்தட்ட. ஆனா, அது பிறந்த கதை வேற. நிறவெறி ஆட்சியில அங்கே பார்லிமென்ட் வெச்சதுதான் சட்டம். அந்தச் சட்டத்துக்கு ஆமாம் சாமி போட ஒரு நீதித்துறை. ஜட்ஜ் நாற்காலிகளில் வெள்ளைக்கார ஆண்கள். 1991-ல்தான் வெள்ளையரல்லாத ஒருத்தர் முதல்முறையா அங்கே நிரந்தர நீதிபதி ஆனார். 1994-ல் மண்டேலா ஜெயிச்சாச்சு. புது அரசியல் சாசனமும் வந்தாச்சு. அதைக் காப்பாத்தற வேலையை அந்தப் பழைய கோர்ட்டுகளையே நம்பி எப்படிக் கொடுக்கறது? அதனாலதான் பதினோரு பேரோட புத்தம் புது கோர்ட்.

தலைமைக்கு மண்டேலா தேர்ந்தெடுத்தவர் ஆர்தர் சாஸ்கல்சன். இவர் யார் தெரியுமா? 1963-64 ரிவோனியா வழக்கில் மண்டேலாவுக்காக வாதாடிய வக்கீல் டீம்ல ஒருத்தர். அதாவது, குற்றவாளிக் கூண்டில் நின்னவர் ஜனாதிபதி ஆனதும், தன்னோட வக்கீலையே உச்ச நாற்காலியில் உட்கார வெச்சுட்டார். நம்ம கேன்டீன் பெஞ்சுக்கு இதைவிடப் பெரிய தீனி கிடைக்குமா? "அட, அப்பட்டமா அவரோட ஆளுப்பா!"

மீதிப் பத்துப் பேர்ல நாலு பேர் ஏற்கெனவே நீதிபதிகளா இருந்தவங்க. ஆறு பேரை நீதித்துறை சேவை ஆணையம் பொதுமக்கள் முன்னால இன்டர்வியூ பண்ணி, பத்துப் பேர் லிஸ்ட் கொடுத்து, அதிலிருந்து மண்டேலா எடுத்தார். அந்த முதல் பெஞ்சில் உட்கார்ந்தவங்களில் ரெண்டு பேரைப் பத்தி மட்டும் சொல்லியே ஆகணும்.

ஒருத்தர் இஸ்மாயில் முகமது. பிரிட்டோரியாவில் வளர்ந்த இந்திய வம்சாவளிக்காரர். 1991-ல் முதல்முறையா நீதிபதி ஆன அந்த 'ஒருத்தர்' இவர்தான். இவர் வக்கீலா இருந்த காலத்தில் அப்பீல் கோர்ட் இருந்தது புளூம்ஃபான்டைன் நகரத்தில். அந்த மாகாணத்தில் இந்தியர்கள் ராத்திரி தங்கக் கூடாதுன்னு சட்டம். பகல் முழுக்க கோர்ட்ல ஆர்க்யூ பண்ணிட்டு, சாயங்காலம் காரை எடுத்துக்கிட்டு மாகாண எல்லையைத் தாண்டிப் போய்த் தூங்கி, மறுநாள் காலையில் திரும்பி வரணும். அரசியல் சாசன நீதிமன்றத்தில் துணைத் தலைவரா இருந்தவர், 1997-ல் தென்னாப்பிரிக்காவின் தலைமை நீதிபதி ஆனார். அன்றைக்கு அந்தப் பதவியின் நாற்காலி எங்கே இருந்தது? அதே புளூம்ஃபான்டைனில்! ராத்திரி தங்க விடாத ஊர்ல, கோர்ட்டுக்கே தலைவர். 2000-ல் இறக்கிற வரைக்கும் அந்தப் பதவியில் இருந்தார்.

இன்னொருத்தர் ஆல்பி சாக்ஸ். வெள்ளைக்காரர். ஆனா, நிறவெறி அரசுக்கு எதிரி. 1988-ல் மொசாம்பிக் தலைநகர் மபூட்டோவில் இவர் காரில் குண்டு வெச்சாங்க. வலது கை போச்சு. ஒரு கண்ணில் பார்வை போச்சு. ஆறு வருஷம் கழிச்சு நீதிபதிகளோட பச்சை அங்கியைப் போட்டுக்கிட்டு, அந்த வலது கைப் பக்கம் ஸ்லீவ் காலியாத் தொங்க, பெஞ்சுல உட்கார்ந்தார்.

அந்தப் பதினோரு பேரில் பெண்கள் ரெண்டே பேர். இவோன் மொக்கோரோ, கேட் ஓ'ரீகன். வெள்ளையர்கள் ஏழு பேர். கறுப்பின மக்கள் மிகப் பெரும்பான்மையா இருக்கிற நாட்டுல இந்தக் கணக்கு சரியான்னு அப்பவே கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். அதனாலயே, நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும்போது நாட்டோட இன, பாலின விகிதம் பெஞ்சிலும் தெரியணும் என்பதைக் கணக்கில் எடுக்கணும்னு அரசியல் சாசனத்திலேயே எழுதி வெச்சுட்டாங்க. பின்னால் வந்த பெயர்களைப் பாருங்க. குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்த ஸாக் யாக்கூப், 1998 முதல் 2013 வரை நீதிபதி. எச்.ஐ.வி. இருக்குன்னு 1999-ல் ஆணையத்தின் இன்டர்வியூவில் தானாகவே பகிரங்கமா சொன்ன எட்வின் கேமரூன், பத்து வருஷம் கழிச்சு அதே கோர்ட்டில் நீதிபதி.

1995 பிப்ரவரி 14. கோர்ட் திறப்பு விழா. மண்டேலா பேசினார். கடைசியா தான் ஒரு கோர்ட்டில் நின்னது, தூக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்கத்தான் என்று சொன்னார். மறுநாளே முதல் வழக்கு. விஷயம் என்ன? தூக்குத் தண்டனை செல்லுமா? முந்நூறு பேருக்கு மேல தூக்கை எதிர்பார்த்து ஜெயில்ல இருந்த நேரம் அது. பொதுஜன மனநிலை தூக்குக்கு ஆதரவு. ஜூன் 6-ம் தேதி பதினோரு பேரும் ஒருமனதா 'செல்லாது'ன்னு சொன்னாங்க. ஆளாளுக்குத் தனித்தனியா தீர்ப்பும் எழுதினாங்க. தலைமையில் இருக்கிறவர் எழுதினதுக்குக் கீழே மத்தவங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போற பெஞ்ச் இல்லைன்னு அன்னிக்கே புரிஞ்சுடுச்சு.

சரி, மண்டேலா - சாஸ்கல்சன் மேட்டருக்கு வருவோம். அதே வருஷம் செப்டம்பர். உள்ளாட்சி சம்பந்தமா ஒரு சட்டம். அதைத் தேவைப்பட்டா ஜனாதிபதியே அறிவிப்பு மூலம் திருத்திக்கலாம்னு பார்லிமென்ட் எழுதிக் கொடுத்திருந்தது. மண்டேலாவும் திருத்தினார். எதிர்த்து கோர்ட்டுக்குப் போனது மேற்கு கேப் மாகாண அரசு. அதாவது, பழைய நிறவெறிக் கட்சியான நேஷனல் பார்ட்டியோட அரசு! ஒரு பக்கம் மண்டேலா, இன்னொரு பக்கம் அவரை 27 வருஷம் உள்ளே வெச்ச கட்சி. நடுவில் அவரோட பழைய வக்கீல்.

தீர்ப்பு மண்டேலாவுக்கு எதிரா வந்தது. சட்டம் போடற வேலையை பார்லிமென்ட் தூக்கி ஜனாதிபதி கையில் கொடுத்துட முடியாதுன்னு சாஸ்கல்சன் எழுதினார். மண்டேலா வெளிப்படையா, "தீர்ப்பை ஏத்துக்கறேன்"னு அறிவிச்சுட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். அந்தத் தீர்ப்பைவிட இதுதான் பெரிய விஷயம்னு நினைக்கிறேன்.

"மண்டேலா மகான் பாஸ், எல்லாரும் அப்படி இருப்பாங்களா?" கரெக்ட். மகான்களை நம்பி விதி எழுத முடியாது. அடுத்து வர்றவர் எப்படி இருப்பார்னு தெரியாமலேதான் எழுதணும். 1996 அரசியல் சாசனம் அப்படித்தான் எழுதப்பட்டது.

சாதாரண நீதிபதி இடம் காலியானா, ஆணையம் விண்ணப்பம் வாங்கி, கேமரா முன்னாடி இன்டர்வியூ நடத்தும். இந்த ஆணையத்தில் 23 பேர். தலைமை நீதிபதிதான் சேர்மன். நீதிபதிகள், வக்கீல்கள், சட்ட அமைச்சர், ஒரு லா புரொபசர், எதிர்க்கட்சியும் சேர்ந்த எம்.பி.க்கள், ஜனாதிபதி நியமிக்கிற நாலு பேர். நம்ம ஊர் வைவா எல்லாம் இதுக்கு முன்னால ஜுஜுபி. காலியிடத்தைவிட மூணு பெயர் அதிகமா லிஸ்ட் கொடுப்பாங்க. அதிலிருந்துதான் ஜனாதிபதி எடுக்கணும். (நம்ம கொலீஜியம் கதவைச் சாத்திக்கிட்டு முடிவு பண்றதைப் பத்தி இன்னொரு வாரம் சண்டை போடலாம்.) ஆனா, தலைமை நீதிபதி பதவின்னு வரும்போது ஜனாதிபதிக்குக் கை நீளம். ஆணையத்தையும் கட்சித் தலைவர்களையும் 'கலந்தாலோசிக்கணும்'. அவ்வளவுதான். அவங்க சொல்றதைக் கேக்கணும்னு கட்டாயம் இல்லை.

அந்த நீளமான கையைக் கட்டிப் போட ஒரு சின்ன வரி இருக்கு. இந்த கோர்ட்டில் ஒருத்தருக்கு 12 வருஷம், அல்லது 70 வயசு. எது முதல்ல வருதோ அதோட சரி. மறுபடி நியமனம் கிடையாது.

இதுல என்ன பெரிய விஷயம்? உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். இன்டர்னல் மார்க் யார் கையில இருக்கோ, அவரைக் கண்டா நம்ம முதுகு தானா வளையும். அவர் ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரிப்போம். மார்க் போட்டு, சீல் வெச்சு, யுனிவர்சிட்டிக்கு அனுப்பியாச்சுன்னா? அதே சார், அதே மீசை. பஸ் ஸ்டாண்ட்ல பார்த்தா "ஹாய் சார்!" முதுகு நேரா இருக்கும். நியமனம் ஒரு மார்க். ஒரு தடவை போட்டாச்சு. இன்னொரு தடவை போட முடியாது. அப்புறம் எதுக்குக் குனியணும்?

2011-ல் இந்த வரிக்கே வேட்டு வைக்கப் பார்த்தாங்க. அப்போ ஜனாதிபதி ஜேக்கப் ஜூமா. தலைமை நீதிபதி சாண்டிலே என்கோபோ. 1999-ல் கோர்ட்டுக்கு வந்தவர். ஆகஸ்ட் 2011-ல் 12 வருஷம் முடியுது. தலைமைப் பொறுப்பில் ரெண்டு வருஷம்கூட முழுசா ஆகலை. ஜூமா என்ன பண்ணினார்? 2001-ல் போட்ட ஒரு சட்டத்தில், தலைமை நீதிபதியை மட்டும் ஜனாதிபதி கேட்டுக்கிட்டா தொடரலாம்னு ஒரு பிரிவு இருந்தது. அதைக் கையில எடுத்து, இன்னும் அஞ்சு வருஷம் இருங்கன்னு கேட்டார். என்கோபோவும் சரின்னுட்டார்.

ஒண்ணு சொல்லிடறேன். என்கோபோ நல்ல நீதிபதி. அவர் தொடரட்டும்னு நினைச்சவங்களும் நிறைய. வழக்குப் போட்ட அமைப்புகளும் அவரைத் திட்டலை. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். பதவி நீட்டிப்பு ஜனாதிபதி கையில் இருந்தா, நாளைக்கு வர்ற தலைமை நீதிபதி கடைசி வருஷத் தீர்ப்புகளை எப்படி எழுதுவார்?

இப்போ நிலைமையைப் பாருங்க. தலைமை நீதிபதியோட வேலை நீட்டிப்பு செல்லுமான்னு முடிவு பண்ண வேண்டியது அவரோட சக நீதிபதிகள். எச்.ஓ.டி.யோட எக்ஸ்டென்ஷனை டிபார்ட்மென்ட் லெக்சரர்களே தீர்மானிக்கிற மாதிரி! தீர்ப்பு வர்றதுக்குச் சில நாள் முன்னாடி என்கோபோவே, "எனக்கு வேண்டாம்"னு விலகிட்டார். ஆனாலும் கோர்ட் விடலை. ஜூலை 29, 2011. ஒருமனதான தீர்ப்பு. எழுதினவர்னு தனி நீதிபதி பேர் கிடையாது, 'நீதிமன்றம்'னு மட்டும்தான். பதவிக்காலத்தை பார்லிமென்ட் சட்டம் போட்டு நீட்டிக்கலாம். ஏற்கெனவே அப்படி ஒரு ஏற்பாடும் உண்டு. நீதிபதியா மொத்தம் 15 வருஷ சர்வீஸ் ஆகாதவங்களுக்கு அதை முடிக்கிற வரை டைம் கிடைக்கும். ஆல்பி சாக்ஸ் 2009 வரை இருந்தது அப்படித்தான். அது எல்லாருக்கும் ஒரே கணக்கு. ஆனா, அந்த அதிகாரத்தை ஜனாதிபதி கையில் கொடுக்க முடியாது. தலைமை நீதிபதிக்கு மட்டும்னு தனிச் சலுகையும் முடியாது. 1995-ல் மண்டேலாவுக்குச் சொன்ன அதே பதில்தான், இல்லையா?

நாற்காலி காலி. அடுத்து யார்? எல்லார் கண்ணும் துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனெக்கே மேல. பதினஞ்சு வயசில் கைதாகி, பத்து வருஷம் ராபன் தீவு ஜெயில்ல இருந்தவர். ஜெயிலுக்குள்ளேயே படிச்சு டிகிரி வாங்கினவர். (அட்டென்டன்ஸ் ஷார்ட்டேஜ்னு புலம்பறவங்க கவனிக்க.) ஜூமாவும் அதே காலத்தில் அதே தீவில் பத்து வருஷம் கைதியா இருந்தவர்தான். ஆனா, மொசெனெக்கே 2008-ல் தன்னோட அறுபதாம் பிறந்த நாள் பார்ட்டியில், ஆளுங்கட்சி என்ன விரும்புதுங்கறது முக்கியமில்லை, மக்களுக்கு எது நல்லதுங்கறதுதான் முக்கியம்ங்கற அர்த்தத்தில் பேசினார். கட்சிக்காரங்களுக்குச் சுருக்குன்னுச்சு. 2009-லேயே அவரைத் தாண்டித்தான் என்கோபோ வந்தார். 2011-ல் மறுபடி தாண்டினாங்க. ஜூமா சொன்ன ஒரே பெயர், மோகோயெங் மோகோயெங். கோர்ட்டுக்கு வந்து ரெண்டு வருஷமே ஆன ஜூனியர்.

எதிர்ப்புன்னா அப்படி ஒரு எதிர்ப்பு. பெண்களுக்கு எதிரான வன்முறை வழக்குகளில் அவர் முன்னாடி கொடுத்த தீர்ப்புகள் ரொம்ப இளக்காரமா இருக்குன்னு பெண்கள் அமைப்புகள் கொதிச்சாங்க. அதை நான் இன்னிக்கும் லேசா எடுத்துக்க மாட்டேன். ரெண்டு நாள் டி.வி.யில் நேரடி இன்டர்வியூ. சேர்மன் நாற்காலியில் யார்? தலைமை நீதிபதி இடம் காலின்னா துணைத் தலைமை நீதிபதிதானே உட்காரணும். மொசெனெக்கே! தனக்குக் கிடைக்காத வேலைக்கு, அது கிடைக்கப் போறவரைக் கேள்வி கேட்கிற கொடுமை. ஒரு கட்டத்துல, நீங்க நக்கல் பண்றீங்கங்கற மாதிரி மோகோயெங் எகிறிட்டார். அப்புறம் மன்னிப்பும் கேட்டார். கடைசியில் வேலை அவருக்குத்தான்.

நாடே முடிவு பண்ணிடுச்சு. ஜூமாவோட ஆளு!

2016 மார்ச் 31. இன்கன்ட்லாங்கற ஊர்ல இருக்கிற ஜூமாவோட சொந்த வீட்டுக்கு 'பாதுகாப்பு' வேலைன்னு சொல்லி அரசுப் பணத்தைக் கொட்டியிருந்தாங்க. நீச்சல் குளம், மாட்டுக் கொட்டகை, கோழிக் கூண்டு, திறந்தவெளி அரங்கம். இதெல்லாம் பாதுகாப்பா? (நீச்சல் குளத்துக்கு, தீயணைக்கத் தண்ணின்னு விளக்கம் வேற சொன்னாங்க!) தேவையில்லாத செலவில் ஒரு பங்கை ஜூமா திருப்பிக் கட்டணும்னு மக்கள் பாதுகாவலர் துலி மடோன்செலா 2014-லேயே ரிப்போர்ட் கொடுத்தார். ஜூமா கண்டுக்கலை. எதிர்க்கட்சிகள் கோர்ட்டுக்குப் போனாங்க.

தீர்ப்பை டி.வி. கேமராக்கள் முன்னாடி வரி வரியா வாசிச்சவர் மோகோயெங். பெஞ்ச் ஒருமனது. ஜனாதிபதி அரசியல் சாசனத்தைக் காக்கவும் மதிக்கவும் தவறிட்டார். பணத்தைக் கட்டணும். மறுநாள் ஜூமா டி.வி.யில் வந்து நாட்டு மக்கள்கிட்ட வருத்தம் தெரிவிச்சார். நிதித்துறை கணக்குப் போட்டுச் சொன்ன 78 லட்சம் ராண்டைக் கட்டவும் செஞ்சார்.

மோகோயெங் திடீர்னு புரட்சிக்காரர் ஆயிட்டாரா? எனக்கு அப்படித் தோணலை. ஆள் மாறலை, கணக்குதான் வேற. 2021 அக்டோபர்ல அவருக்கு 12 வருஷம் முடியும். ஜூமா சந்தோஷப்பட்டாலும் அதே தேதி. கோபப்பட்டாலும் அதே தேதி. அந்தத் தேதியைத் தள்ளிப் போடற பேனாவைத்தான் 2011-லேயே ஜூமா கையிலிருந்து கோர்ட் பிடுங்கி வெச்சுடுச்சே!

ஜூமா கதை அதோட முடியலை. ஊழல் விசாரணை கமிஷன் கூப்பிட்டும் அவர் வரலை. போய்ப் பதில் சொல்லுன்னு இதே கோர்ட் உத்தரவு போட்டது. அதையும் மதிக்கலை. 2021 ஜூன் 29-ல் நீதிமன்ற அவமதிப்புக்கு 15 மாசம் ஜெயில். ஏழு பேர் சரின்னாங்க, ரெண்டு பேர் மாறுபட்டாங்க. வாசிச்சவர் சிஸி கம்பெபே. 2009-ல் மோகோயெங் கூடவே கோர்ட்டுக்கு வந்த அதே பேட்ச், ஜூமா நியமிச்ச பேட்ச். அந்த கமிஷனை நடத்தின ரேமண்ட் ஸோண்டோவை 2017-ல் துணைத் தலைமை நீதிபதி ஆக்கினவரும் ஜூமாதான். இதுக்கு நாடு கொடுத்த விலை பெருசு. ஜூமா ஜெயிலுக்குப் போனதும் வெடிச்ச கலவரத்தில் முந்நூறு பேருக்கு மேல செத்தாங்க. கோர்ட் தீர்ப்புன்னா பேப்பர்ல வர்ற செய்தி மட்டும்தான்னு நினைக்கிறவங்க அந்த ஜூலை மாசத்தைப் பத்திக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க.

இந்த கோர்ட் இப்போ உட்கார்ந்திருக்கிற இடமே ஒரு பழைய ஜெயில் வளாகம். 2004-ல் கட்டி முடிச்சாங்க. விசாரணைக் கைதிகளை அடைச்சு வெச்சிருந்த பிளாக்கை இடிச்சு, அந்தச் செங்கல்லையே எடுத்து கோர்ட் ஹால் சுவர் எழுப்பியிருக்காங்க. மண்டேலா இருந்த ஜெயில், காந்தி இருந்த ஜெயில். 1908-ல் காந்தியோட சேர்ந்து உள்ளே போனவர்களில் நம்ம தம்பி நாயுடுவும் ஒருத்தர். நீதிபதிகள் உட்கார்ற பெஞ்சுக்குப் பின்னாடி நீளவாக்கில் ஒரு ஜன்னல். அதில் ரோட்டுல நடந்து போறவங்களோட கால் மட்டும் தெரியும். நீதிபதி தலைக்கு மேல ஜனங்களோட கால்!

எல்லாம் சூப்பர்னு சொல்ல வரலை. 2021 ஏப்ரல்ல நடந்த நீதிபதி இன்டர்வியூக்கள் அரசியல்வாதிகளோட குத்தல் கேள்விகளால நாறிப்போய், வழக்கு வந்து, அக்டோபரில் மொத்த இன்டர்வியூவையும் திரும்ப நடத்தினாங்க. அரியர் எக்ஸாம் மாதிரி. மோகோயெங் போனதும், 2022 பிப்ரவரியில் தலைமை நீதிபதி பதவிக்கு நாலு பேர் வந்தாங்க. அதில் ஒரே பெண் மண்டிசா மாயா. நாடு ஒரு பெண் தலைமை நீதிபதிக்குத் தயாரான்னு அவர்கிட்டயே கேட்டாங்க. மத்த மூணு பேர்கிட்ட, நாடு ஒரு ஆணுக்குத் தயாரான்னு கேட்கலை பாருங்க. ஆணையம் மாயா பெயரைத்தான் சிபாரிசு பண்ணிச்சு. ஜனாதிபதி ராமபோசா ஸோண்டோவை நியமிச்சார். சொன்னேனே, தலைமைப் பதவிக்கு 'கலந்தாலோசிச்சா' போதும். மாயாவுக்குத் துணைப் பதவி.

ஸோண்டோவோட காலம் 2024 ஆகஸ்டில் முடிஞ்சது. அந்த வருஷம் மே மாசம் மாயா மறுபடி அதே ஆணையம் முன்னாடி போய் உட்கார்ந்தார். இந்தத் தடவை வேற யார் பெயரும் லிஸ்டில் இல்லை. செப்டம்பர் 1-ம் தேதி முதல் அவர் தலைமை நீதிபதி. அந்த நாற்காலிக்கு வந்த முதல் பெண்.